ஜெர்மனியில் மளிகை: எந்தப் பொருளுக்கு எந்தக் கடை?

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருபவருக்கு மளிகை வாங்க ஐந்து வழிகள் உண்டு: ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவருவது, தெருமுனை சூப்பர் மார்க்கெட், துருக்கிக் கடை, இந்திய அல்லது ஈழத்தமிழர் கடை, இணையக் கடை. இவற்றில் ஏதாவது ஒன்றையே பிடித்துக்கொள்பவர்களுக்குத்தான் செலவும் சலிப்பும் அதிகம். உப்பு, வெங்காயம் முதற்கொண்டு இந்தியக் கடையிலேயே வாங்கினால் காசு கரையும். எல்லாவற்றையும் சூப்பர் மார்க்கெட்டிலேயே முடித்துக்கொண்டால் சாம்பாரில் சாம்பார் வாசம் இருக்காது.

பிரித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும். இந்தப் பொருளை ஜெர்மானியரோ துருக்கியரோ தங்கள் வீட்டிலும் தினம் சமைக்கிறார்களா? சமைக்கிறார்கள் என்றால் அவர்கள் கடையில் அது மலிவாகவும் புதிதாகவும் இருக்கும். நம்மவர் மட்டுமே சமைப்பது என்றால் நம்மவர் கடைக்குத்தான் போக வேண்டும்.

பெட்டியில் எதை வைப்பது

ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் என்னும்போது அதில் ஐந்து கிலோ அரிசியையும் மூன்று கிலோ பருப்பையும் அடைத்து வருவது வீண். பெரிய நகரம் எதிலும் துவரம்பருப்புக்குப் பஞ்சமில்லை. எடை குறைந்ததும், இங்கே அதே கைப்பக்குவத்தில் கிடைக்காததும்தான் பெட்டிக்கு ஏற்றவை: வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி தலா அரைக் கிலோ, சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், கட்டிப் பெருங்காயம் 100 கிராம். குக்கர் கொண்டுவந்தால் உதிரி கேஸ்கெட் இரண்டு, விசில் ஒன்று. இந்த மூன்றுக்கும் இங்கே அலைய வேண்டியிருக்கும். பொடிகளை ஜிப் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு, பெயர் எழுதி ஒட்டுங்கள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் பெயரில்லாத மஞ்சள் பொடி கேள்விகளைக் கிளப்பும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை மறந்தால் பெட்டியே கலைந்துவிடும். இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் இதில் அடங்கும். 14 டிசம்பர் 2019 முதல் காய், கனி, இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே மாம்பழம், வெற்றிலை, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் பெட்டியில் வேண்டாம். கருவாடு கொண்டுவரலாம், மீன் பொருட்களுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆனால் வாசம் துணியில் ஏறாமல் கட்டுவது உங்கள் பொறுப்பு.

சூப்பர் மார்க்கெட்: மலிவு, ஆனால் பெயரில் ஏமாறும் இடம்

ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ ஆகியவை விலை குறைந்தவை. ரேவே, ஏடேகா சற்றுக் கூடுதல், ஆனால் ரகங்கள் அதிகம். காவ்ஃப்லாண்ட் பெரியது, இரண்டுக்கும் நடுவில். பால், தயிர், வெண்ணெய், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி, கேரட், கோஸ், சர்க்கரை, உப்பு, சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றுக்கும் இவைதான் இடம். இவற்றை இந்தியக் கடையில் வாங்கக் காரணமே இல்லை.

நெய்யும் இங்கேதான். ‘புட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்ற பெயரில் விற்பது உருக்கிய வெண்ணெய். நம் நெய்யின் மணம் வேண்டுமானால் உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியை வாங்கி, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் இருபது நிமிடம் உருக்குங்கள். சலசலப்பு அடங்கி, அடியில் தங்கிய பால்பொருள் பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டினால் 200 கிராம் அளவுக்கு நெய் தேறும். முருங்கையிலைக்குப் பதில் ஒரு வெற்றிலைக் காம்பாவது போடலாமே என்று தேடாதீர்கள். நான்கு வெந்தயம் போட்டாலே மணம் கூடும்.

தயிருக்கு 3.5 சதவீதக் கொழுப்பு என்று போட்ட சாதாரணத் தயிரை எடுங்கள். பக்கத்திலேயே 1.5, 0.1 என்றும் அடுக்கியிருப்பார்கள். அவற்றில் தயிர்சாதம் பிசைந்தால் தண்ணீர் பிரியும், மோர்க்குழம்பு சட்டென்று திரிந்துபோகும்.

மசாலா அடுக்குக்கு முன்னால்தான் நிதானம் தேவை. புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் சீரகத்துக்கு. ‘க்யூம்மெல்’ என்று எழுதிய பாட்டிலில் இருப்பது பார்க்க அச்சு அசல் சீரகம். கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் வளைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது ஜெர்மானியர்கள் ‘ரை’ என்ற தானியத்தின் ரொட்டியிலும் புளித்த கோஸிலும் போடும் வேறொரு விதை. ரசத்தில் தாளித்தால் சோம்பும் கசப்பும் கலந்த ஒரு வாடை வந்து ரசத்தையே மாற்றிவிடும். நம் சீரகத்தின் பெயர் ‘க்ரொய்ட்ஸ்க்யூம்மெல்’. முன்னால் சிலுவையைக் குறிக்கும் ‘க்ரொய்ட்ஸ்’ இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ‘ஷ்வார்ட்ஸ்க்யூம்மெல்’ என்றால் கருஞ்சீரகம். மூன்றும் ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

மற்றவை அவ்வளவு சிக்கலில்லை. குர்குமா மஞ்சள், ஃபென்ஹெல் சோம்பு, பொக்ஸ்ஹோர்ன்க்ளே வெந்தயம், நெல்கன் கிராம்பு, ட்ஸிம்ட் பட்டை, மோன் கசகசா. கசகசா இங்கே ரொட்டிக் கடைப் பண்டம் என்பதால் தட்டுப்பாடில்லை, ஆனால் நிறம் கருநீலம். குருமாவின் வெள்ளை நிறம் வேண்டுவோர் இந்தியக் கடையில்தான் வெள்ளைக் கசகசாவைத் தேட வேண்டும். ‘கன்ஸ்’ என்றால் முழுசு, ‘கெமாலன்’ என்றால் பொடித்தது. ‘பாப்ரிகா எடல்ஸ்யூஸ்’ காரமே இல்லாத சிவப்புப் பொடி. மிளகாய்த்தூள் என்று நினைத்து வாங்கினால் குழம்பு சிவக்கும், உறைக்காது. நிறத்துக்காகக் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடும் இடத்தில் இதைத் தாராளமாகப் போடலாம். ‘கறிப் பொடி’ என்று விற்பதைச் சாம்பார்ப் பொடிக்குப் பதிலாகப் போடாதீர்கள். மஞ்சளும் வெந்தயமும் தூக்கலான வேறு கலவை அது. கடுகு பெரும்பாலும் மஞ்சள் கடுகு, அவர்களுக்கு அது ஊறுகாய்க்கு. தாளித்தால் நம் கறுப்புக் கடுகின் காரநெடி வராது.

விலையை ஒப்பிட, ஒட்டிய பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், ‘க்ருண்ட்ப்ரைஸ்’ என்று பெயர். 40 கிராம் பாட்டில் 2 யூரோ என்றால் கிலோ 50 யூரோ. அதே சீரகம் வேறு கடையில் 100 கிராம் பொட்டலம் ஒன்றரை யூரோ என்றால் கிலோ 15 யூரோ. மாதம் 100 கிராம் சீரகம் செலவாகும் வீட்டுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. மாதம் நான்கு கிராம்பு போடுகிறவர் சிறு பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாவும் ரவையும் தனிக் கதை. மாவுப் பொட்டலத்தில் 405, 550, 1050 என்று எண் இருக்கும். 100 கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்பது அது. எண் கூடக்கூடத் தவிடு கூடும். 405 நம் மைதா மாதிரி. முழுக் கோதுமை மாவு ‘ஃபோல்கோர்ன்’ என்ற பெயரில் கிடைக்கும், ஆனால் தவிடு கரகரப்பாக நிற்பதால் சப்பாத்தி ஓரத்தில் கிழியும். அதில் பாதி, 550-இல் பாதி கலந்து, வெந்நீரில் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் சமாளிக்கலாம். தினம் சப்பாத்தி சுடுபவர் இந்தியக் கடை ஆட்டாவுக்கே போய்விடுவது நல்லது. ரவையில் ‘ஹார்ட்வைட்ஸன்’ என்ற கெட்டிக் கோதுமை ரவையை எடுங்கள், உப்புமா உதிரியாக வரும். ‘வைஹ்வைட்ஸன்’ என்ற மென்கோதுமை ரவை கஞ்சிக்கானது, களியாகிவிடும். அரிசியில் ‘மில்ஹ்ரைஸ்’ என்ற குட்டை அரிசி பால் பொங்கலுக்குப் பொருந்தும், இட்லிக்கு ஆகாது.

ஊறுகாய் போடுபவர்களுக்கு ஒன்று. சாதாரண எலுமிச்சையின் தோலில் கெடாமலிருக்க மருந்து பூசியிருப்பார்கள், தோல் உண்ணத் தகாதது என்று வலையிலேயே அச்சிட்டிருக்கும். ஊறுகாய்க்கு ‘பியோ’ என்ற இயற்கை வேளாண் எலுமிச்சையைத்தான் வாங்க வேண்டும்.

துருக்கிக் கடை: நம் சமையலுக்குக் கைகொடுக்கும் அண்டைவீடு

இந்தியக் கடை இல்லாத சிறு ஊரிலும் துருக்கிக் கடை ஒன்று இருக்கும். புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போவது பெரிய இழப்பு. கத்தரிக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய், புதினா, கொத்தமல்லி எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் பத்துத் தண்டுகளைத் தொட்டியில் வைத்து விற்கும் விலைக்கு இங்கே கைநிறையக் கட்டு கிடைக்கும். கொத்தமல்லியும் பேட்டர்ஸீலியே என்ற கீரையும் அடுத்தடுத்துக் கிடக்கும், இலையின் வெட்டும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணை நம்பாமல் ஒரு இலையைக் கசக்கி முகருங்கள். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் சட்னி போச்சு.

மசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, எள், பெரிய பொட்டலத்தில் சீரகம் இங்கே மலிவு. சீரகத்துக்குத் துருக்கியில் ‘கிம்யோன்’ என்று பெயர், இதில் குழப்பமில்லை. துவரம்பருப்பை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். மஞ்சளாக, பாதியாக உடைத்து வைத்திருப்பது பெரும்பாலும் பட்டாணிப் பருப்பு. மசால் வடைக்கு அது அருமை, சாம்பாருக்கு ஆகாது.

கறி வாங்கவும் துருக்கிக் கடைதான். சூப்பர் மார்க்கெட்டில் எலும்பில்லாத நெஞ்சுக்கறியே அடுக்கியிருக்கும். இங்கே எலும்போடு ஆட்டுக்கறியும் கோழியும் வெட்டித் தருவார்கள். ‘க்ளைன் ஷ்னைடன்’ என்று சொன்னால் சிறு துண்டாகப் போடுவார்கள். சொல்லாவிட்டால் ரோஸ்டுக்கு வெட்டுவதுபோல் பெரிய துண்டாகக் கைக்கு வரும்.

இந்தியக் கடையும் ஈழத்தமிழர் கடையும்

இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. இந்தியக் கடைகளில் பல வட இந்தியச் சமையலை மனதில் வைத்துச் சரக்கு எடுப்பவை. ஆட்டா, பாசுமதி, ராஜ்மா, பனீர், கடலை மாவு அங்கே நிறைய. 1983-க்குப் பின் வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகளில் நம் நாக்குக்கு நெருக்கமான பொருட்கள் கூடுதல்: சிவப்பரிசி, இடியாப்ப மாவு, புட்டு மாவு, நல்லெண்ணெய், முருங்கைக்காய், வாழைப்பூ, நெத்தலி, உறையவைத்த துருவிய தேங்காய், உறைந்த அறக்குளா, அதாவது வஞ்சிரம். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் இப்படிப்பட்ட கடைகள் அதிகம். 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருக்கும் ஹாம் நகரம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர் ஈழத்தமிழர் கடையில் சொல்வழக்கைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். ‘பெருஞ்சீரகம்’ என்றால் சோம்பு, ‘நற்சீரகம்’ என்றால் சீரகம். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் என்பது மிளகாயோடு மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து அரைத்த கலவை. வெறும் மிளகாய் வேண்டுமானால் ‘தனி மிளகாய்த்தூள் தாங்கோ அண்ணை’ என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கறித்தூளும் ஒரு பொட்டலம் வீட்டில் இருக்கட்டும், மீன்குழம்புக்கு அதற்கு இணை கிடையாது.

இந்தக் கடைகளில் மட்டுமே வாங்க வேண்டியவை குறைவுதான்: துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி அல்லது பொன்னி, புளி, கறுப்புக் கடுகு, பெருங்காயம், நல்லெண்ணெய், கறிவேப்பிலை, தேங்காய். ஒவ்வொன்றிலும் கவனிக்க ஒன்று உண்டு.

துவரம்பருப்பு இரண்டு விதமாக வரும், எண்ணெய் தடவியது, தடவாதது. வண்டு வராமலிருக்க எண்ணெய் பூசுவது குஜராத்தி வழக்கம். பளபளவென்று இருந்தால் அதுதான். தவறிப்போய் வாங்கிவிட்டால் வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள், இல்லையென்றால் சாம்பாரில் ஒரு காறல் நிற்கும். உளுந்து மாவுக்கு முழு உருட்டு உளுந்தே வேண்டும். நிறம் மங்கிப் பழையதாக இருந்தால் அரைக்கும்போது பொங்காது. புளியில் தாய்லாந்துப் புளி கொஞ்சம் இனிப்பானது. விதை நீக்கிய இந்தியக் கட்டிப்புளி வாங்கினால் பழைய அளவே சரியாக இருக்கும். கறுத்த நிறத்தில் வரும் சீன நல்லெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுத்தது. ஒரு கரண்டி ஊற்றினாலே புளிக்குழம்பை அமுக்கிவிடும்.

கறிவேப்பிலை விமானத்தில் வருகிறது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் சரக்கு இறங்கும். எந்த நாள் என்று கடைக்காரரிடம் கேட்டுவைத்து அன்றைக்குப் போங்கள். இரண்டு பொட்டலம் வாங்கிக் கழுவி, துணியில் ஈரம் போக நன்றாக உலர்த்தி, உருவி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் மணம் நிற்கும். உறைந்தபடியே எண்ணெயில் போடலாம், படபடவென்று தெறிக்கும் என்பதால் மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காயவைத்த இலைக்கு வாசமே இருக்காது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். செடிக் கடையில் ‘கறிக்ரௌட்’ என்று வெள்ளிநிற இலைச் செடி ஒன்று விற்பார்கள். தொட்டால் கறிப்பொடி வாசம் அடிக்கும். கறிவேப்பிலைக் கன்று என்று பலர் ஆசையாக வாங்கிவந்து ஏமாறும் செடி அது. இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

சிறு கடைகளில் பலவற்றில் ரொக்கமோ ஜெர்மன் வங்கியின் கிரோ கார்டோதான் செல்லும். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையை மட்டும் நம்பிப் போனால் பையை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

இணையக் கடை யாருக்கு?

பெரிய நகரத்தில் கடைக்கு அரைமணி தூரத்தில் இருப்பவருக்குத் தேவையில்லை. சிறு பல்கலைக்கழக ஊரில் இருப்பவருக்கு இதுவே முதல் தேர்வு. அரிசி, பருப்பு, ஆட்டா, பொடிகள் போன்ற எடையான, கெடாத பொருட்களை மட்டும் வரவழையுங்கள். கறிவேப்பிலையும் காய்களும் வழியில் வாடிவிடும். அனுப்பும் கட்டணம் ஒரு தொகைக்கு மேல் இல்லாமல் போகும், ஆகவே அறைத்தோழர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதுதான் கட்டும். ஒன்றை மறக்கக் கூடாது. வாசல் அழைப்புமணியிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் 20 கிலோ அரிசி வந்த வழியே திரும்பிவிடும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்தால் அஞ்சல் கிளையில் போய்த் தூக்கிவர வேண்டும், அதனால் 20 கிலோ மூட்டைக்குப் பதில் 5 கிலோப் பைகளாகவே கேளுங்கள்.

முதல் மாதம் எப்படி

வந்த முதல் வாரம் எதையும் பெரிதாக வாங்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிலோ பாசுமதி, 500 கிராம் ‘ரோட்டே லின்ஸன்’ என்ற சிவப்பு மசூர்ப் பருப்பு, தயிர், முட்டை, வெங்காயம், தக்காளி. மசூர்ப் பருப்பு குக்கர் இல்லாமலே பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், பெட்டியில் வந்த சாம்பார்ப் பொடியோடு சேர்ந்தால் வாரம் ஓடிவிடும். ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் கடைகள் மூடியிருக்கும் என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போதே கணக்கில் வையுங்கள். சனி இரவு வந்து இறங்கினால் பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. ஒருமுறை மட்டும் பயன்படும் குளிர்பானப் புட்டியிலும் டின்னிலும் விலைக்கு மேல் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலிப் புட்டியை நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் அது திரும்ப வரும்.

இரண்டாம் வாரம் துருக்கிக் கடை. மூன்றாம் வாரம், குழம்புக்கு எவ்வளவு செலவாகிறது என்று கை அளவு தெரிந்தபின் இந்திய அல்லது ஈழத்தமிழர் கடைக்கு ஒரு நடை. இரண்டு பேருக்கு மாதத்துக்குத் துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 1 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ, புளி 400 கிராம் என்று தொடங்கி, மாதக் கடைசியில் மிஞ்சியதைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

சமைக்கும்போது பருப்பு வேகவில்லை என்றால் உடனே கடையைக் குறைசொல்ல வேண்டாம். பல நகரங்களில் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கடினநீரில் பருப்பும் கடலையும் மெதுவாகத்தான் வேகும். ஊறவைக்கும் தண்ணீரில் ‘நாட்ரோன்’ என்று விற்கும் சமையல் சோடாவை ஒரு சிட்டிகை போட்டால் சரியாகும். இட்லி மாவும் குளிர்காலத்தில் ஒரு இரவில் பொங்காது. ‘ஓவன்’ அடுப்பைச் சூடேற்றாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரத்தில் எழும்பும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டையாக வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் சந்திப்பது மாவுப் பூச்சி. சாம்பல் நிறத்தில் சிறு அந்துப்பூச்சி ஒன்று சமையலறையில் வட்டமடித்தால் ரவையிலோ ஆட்டாவிலோ நூலாம்படை கட்டியிருக்கும். அது பிளாஸ்டிக் உறையையும் துளைத்து உள்ளே போகும். வாங்கிவந்த ரவை, மாவு, பருப்பை முதலில் ஃப்ரீசரில் -18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் புட்டியில் மாற்றுங்கள். ஒரு புட்டியில் நூல் தெரிந்துவிட்டால் அதை மட்டும் எறிந்துவிட்டு ஓயாதீர்கள். அலமாரியின் ஆணித்துளை, மூலை, புட்டி மூடியின் உள்விளிம்பு எல்லாவற்றையும் வினிகர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், புழுக்கள் கூடுகட்டுவது அங்கேதான்.